ஞானத்தகப்பனுக்குப் போட்ட கைச்சங்கிலி

றோசமலருக்கு அருவருப்பு என்று ஒன்று கிடையாது. பேசாலையிலிருந்து பலெர்மோவுக்கு வந்த நாள் முதல் அவள் பார்த்துவருவது படுக்கையில் விழுந்த முதியவர்களை. மலம் துடைப்பாள், புண் கழுவுவாள், வாந்தி பட்ட போர்வையை அலசிக்கொண்டே பின்னேரம் என்ன கறி வைக்கலாம் என்று யோசிப்பாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதன்முறை போர்வையை விலக்கியதும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்வார்கள். "மனிசர்தானே பிள்ளை" என்று சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கே சோறு தொண்டையில் இறங்காமல் செய்தவன் சால்வோ. பலெர்மோவில் கண்ணாடி போட்டுக் கையில் பை பிடித்தவனெல்லாம் தொத்தோரே, படித்த பெரியவர்தான். அவனையும் அப்படித்தான் அழைத்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் உதைபந்தாட்ட அணிகளுக்கு இங்கிருந்து பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அனுப்புவது அவன் தொழில். அணியில் இடம் கிடைத்தால் அங்கே படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். றோசமலரின் மகள் ஜூலி பிரான்காச்சோ மைதானத்தில் கோல் காப்பவள். பந்து எந்த மூலைக்குப் போனாலும் அவள் கை அங்கே போய் நிற்கும். அவளை ஒரு ஆட்டத்தில் பார்த்த சால்வோ, இந்தப் பிள்ளை பலெர்மோவில் இருக்க வேண்டியவளே அல்ல என்றான். மொண்டெல்லோ உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் அவள் புருஷன் அன்ரனிக்கும், கிழவர்களைக் கழுவும் றோசமலருக்கும் இதைவிட இனிப்பான சொல் உண்டா? மகளின் கைக்குத் துடைப்பம் வராது என்ற அந்த நினைப்பிலேயே இருவரும் மிதந்தார்கள்.

பிறகு ஒருநாள் அவன் றோசமலரைத் தனியாகக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தான். அங்குள்ள பயிற்றுநர் ஜூலியின் பெயரை மறக்காமல் இருக்க வேண்டும், அதற்கு இங்கே ஒருவர் மெனக்கெட வேண்டும் என்று இழுத்தான். காசு கொடுத்தால் தடயம் இருக்கும், சிஞ்ஞோரா. உங்கள் ஆட்கள் கொண்டாட்டங்களில் தங்கம் போடுவார்களாமே? சொல்லிவிட்டுத் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். ஞாயிறுகளில் ஆட்டம் இருந்ததால் ஜூலிக்குக் கோயிலில் நடக்க வேண்டிய உறுதிபூசுதல் சடங்கு தள்ளிப்போய்க்கொண்டிருந்ததும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதில் பிள்ளைக்குத் துணை நிற்கும் ஞானத்தகப்பனாகத் தானே நிற்பதாகச் சொன்னான்.

பெண்பிள்ளைக்கு ஞானத்தாய் நிற்பதுதான் எங்கள் வழக்கம். நிற்பவர்தான் பிள்ளைக்குச் சங்கிலி போடுவார். பிள்ளையின் தாய் ஞானத்தகப்பனுக்குத் தங்கம் போட்டதை உலகத்தில் யார் கண்டார்கள்? றோசமலர் தன் கலியாணக் காப்பை அழித்துக் கைச்சங்கிலி செய்வித்தாள். உறுதிபூசுதல் விருந்து மண்டபத்தில் கேக்குக்குப் பக்கத்தில் வைத்து, வீடியோக்காரன் "அக்கா, இஞ்சை பாத்துச் சிரியுங்கோ" என்று சொல்ல, அதைச் சால்வோவின் கையில் பூட்டினாள். ஒலிவாங்கியில் கோயில் சபைத் தலைவர் ஞானசேகரம் அண்ணை, "குடும்பத்தாரின் அன்பளிப்பு!" என்று முழங்கினார். இது தலைகீழ் என்று மண்டபம் முழுவதற்கும் தெரியும். மண்டபம் முழுவதும் கைதட்டியது. வீடியோ அடுத்த வாரமே முகநூலில் ஏறியது. லஞ்சத்தைக் கேக் வெட்டி, விளக்குப் போட்டு, படம் பிடித்துக் கொடுத்த ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அமெரிக்காவிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. செய்திதான் வந்தது. காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுத்த கல்லூரிப் பயிற்றுநர் ஒருவரை அந்நாட்டு மத்திய விசாரணையாளர்கள் பிடித்துவிட்டார்கள். இங்கே காசு மோசடிகளைப் பிடிக்கும் பினான்சா பொலிஸ் சால்வோவின் வீட்டுக் கதவைத் தட்டியது. றோசமலருக்கும் ஜூலிக்கும் அழைப்பு வந்தது.

போவதற்கு முதல்நாள் ஞானசேகரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர்.

"பிள்ளை, அது எங்கடை வழக்கம் எண்டு சொல்லு. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்? நான் வந்து சத்தியம் பண்ணுறன்."

"ஓம் அண்ணை" என்றாள் றோசமலர்.

விசாரணை அறையில் பினான்சா அதிகாரி ஒருவரும், அமெரிக்காவிலிருந்து வந்த பெண் விசாரணையாளர் ஒருத்தியும் இருந்தார்கள். முதலில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். கல்லூரிக்குச் சால்வோ அனுப்பியது. நீளக்கைச் சட்டை, கையுறை, தூரத்திலிருந்து எடுத்தபடியால் முகம் தெரியவில்லை. ஒருத்தி இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டு, எழுந்து, கம்பத்தை இரண்டு தரம் தட்டினாள். றோசமலர் அதை எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறாள்! கீழே இருந்த பெயர் ஜூலி இல்லை. இந்நகரத்து வழக்கறிஞர் ஒருவரின் மகளுடைய பெயர். பந்தைக் கடையில் மட்டும் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பிள்ளை இப்போது அமெரிக்காவில், ஜூலியின் படுக்கையில், ஜூலியின் சாப்பாட்டுடன்.

றோசமலர் திரையில் அந்தக் கையுறைகளையே பார்த்தாள். தன் பிள்ளையின் கையை வெட்டி இன்னொருத்திக்கு ஒட்டி விற்றிருக்கிறான், அதுவும் அவள் பூட்டிவிட்ட சங்கிலியைப் போட்டுக்கொண்டு. தூ!

அமெரிக்கப் பெண் பொறுமையாக விளக்கினாள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி சம்மதித்திருக்கிறது. ஆனால் சால்வோவுக்கு ஏதும் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சொல்லிவிட்டு முகநூல் வீடியோவை ஓடவிட்டாள். கேக், விளக்கு, கைச்சங்கிலி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் றோசமலர்.

"இது என்ன, சிஞ்ஞோரா?"

ஒரு சொல்தான். அந்தச் சொல்லைச் சொன்னால் ஜூலி அமெரிக்கா போகலாம்.

"அன்பளிப்பு" என்றாள் றோசமலர் இத்தாலிய மொழியில். "எங்கள் வழக்கம். ஞானத்தகப்பனுக்குப் போடுவோம்."

அதிகாரி தலையாட்டி எழுதத் தொடங்கினார். அத்தனை சுலபம். பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டு றோசமலர் திரும்பினாள். ஜூலி தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு, முகத்தைச் சுளித்து மறுபக்கம் திருப்பியிருந்தாள். முதன்முறை போர்வையை விலக்கும் பெண்களின் முகம் அது. இந்த முறை போர்வைக்குள் கிடந்தவள் தாய்.

"மகள்..."

"சொல்லுங்கோ மம்மா. நீங்கள் என்ன சொன்னாலும் நான் மறுத்துக் கதைக்க மாட்டன்" என்றாள் ஜூலி, திரும்பாமல்.

றோசமலர் அதிகாரியின் பேனாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அந்தத் தாளை மறைத்தாள்.

"எழுத வேண்டாம். அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இல்லை. அவன் கேட்டான். நான் கொடுத்தேன். எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது."

அமெரிக்கப் பெண் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதன் பொருள் என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஜூலியின் அமெரிக்கா அந்த இடத்திலேயே முடிந்தது.

மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே வரை இருவரும் நடந்தார்கள். பிரான்காச்சோ பஸ் வர நேரம் இருந்தது. ஜூலி அழுது முடித்த முகத்துடன் வந்து தாயை ஒட்டி நின்றாள்.

"மம்மா, பொலிஸ் எடுத்து வச்சிருக்கிற அந்தச் சங்கிலியை வழக்கு முடியத் திருப்பித் தரக்கூடுமாம். கேட்டுப் பாப்பமோ? உங்கடை கலியாணக் காப்பெல்லோ."

"வேண்டாம்."

"ஏன்? கழுவிப்போட்டுப் போடலாம்தானே."

எதையும் கழுவிவிடும் றோசமலர் தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள்.

"அதைத் தொட எனக்கு ஏலாது பிள்ளை" என்றாள்.