மகளுக்கு முடி வெட்டிய ஐந்து சனிக்கிழமைகள்

இருபத்திரண்டு வருடமாக சலூன் வைத்திருப்பவர் அவர். நாற்காலியைக் கண்டாலே அழுகிற பிள்ளைகளைக்கூடப் பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். சொந்த மகளிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. கத்தரிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். ஒருமுறை மத்தியானத் தூக்கத்தில் வெட்டிப் பார்த்தார். பாதியில் விழித்துக்கொண்டாள். இரண்டு மாதம் ஒரு பக்கம் குட்டையும் மறுபக்கம் நீளமுமாகப் பள்ளிக்கூடம் போனாள். "சலூன்காரர் பிள்ளையா இது?" என்று கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது.

நூலகத்து மாடியில் கல்லூரி மாணவர்கள் சிலர் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் விளையாட வைக்கிறார்கள் என்று அவர் மனைவி கேள்விப்பட்டு வந்தாள்.

"டாக்டரே கையை விரிச்சுட்டார். இந்தப் பசங்க என்ன பண்ணிடப் போறாங்க?" என்றார் அவர்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ரெண்டு மணி நேரம் அவளோட விளையாடட்டும், போதும்."

இரண்டு மாதம் விளையாடினார்கள். அங்கே சுருட்டை முடிக்காரன் ஒருவன் இருந்தான். எல்லாரும் அவனைச் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள். அவள் முடி வெட்ட விடாததைத் தெரிந்துகொண்டு, அவன்தான் ஒருநாள் அவரிடம் கேட்டான்: "அண்ணா, சலூன் விளையாட்டு வச்சுப் பாக்கலாமா?"

முதல் வாரம் தோளில் துண்டு மட்டும். மறுவாரம் தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்கள். மூன்றாம் வாரம் முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் காகிதம் வெட்டிக் காட்டியதும், அவள் மேசைக்கடியில் போய்விட்டாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. சுருட்டையும் தவழ்ந்து உள்ளே போய், கத்தரியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

"என் முடிய நீ வெட்டு."

வெகுநேரம் கழித்து 'கிரிச்' என்றது. வாசலில் நின்ற அப்பா குனிந்து மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, காது பத்திரம்."

"ரெண்டு இருக்குண்ணா, பாத்துக்கலாம்."

அவள் வெட்டி முடித்தபோது அவன் தலை எலி கடித்ததுபோல் இருந்தது. மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கடைக்கு வாங்க தம்பி, சரிபண்ணிடறேன்."

"வேண்டாம்ணா. அடுத்த வாரம் இங்கயே பண்ணுங்க. அவ பாக்கட்டும்."

ஒரு வாரம் அதே கோலத்தோடுதான் கல்லூரிக்குப் போனான். மறுசனிக்கிழமை அவர் அவனுக்கு வெட்டினார். மகள் காதைப் பொத்தியபடியே நின்றாள், ஆனால் ஓடவில்லை. அதற்கடுத்த வாரம் தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நாலு வெட்டு வெட்டியதும் இறங்கிவிட்டாள். அவரும் விட்டுவிட்டார். வாரத்துக்கு நாலைந்து வெட்டாக, முழுத் தலையும் முடிய ஐந்து சனிக்கிழமை ஆனது.

கடைசி நாளில் அந்த மாணவர்களிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தார். கத்தரியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இங்க இன்னும் மூணு பிள்ளைங்க முடி வெட்ட விடமாட்டேங்கிறாங்கண்ணா. நீங்களும் வர்றீங்களா?" என்றான் சுருட்டை.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் சலூன் பூட்டியிருக்கும். கூட்டம் அலைமோதும் நேரத்தில் பூட்டுகிறாரே என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார்.

"அந்தக் காலேஜ் பசங்களப் பெத்தவங்க யாருன்னு தெரியல. தெரிஞ்சா நேர்ல போய்க் கும்பிட்டுட்டு வருவேன்" என்று மனைவியிடம் அடிக்கடி சொல்கிறார்.