வெள்ளையாகவே வந்த காகிதங்கள்

பங்குனி மாதம் முழுக்க நான் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த ஃபில்டர் பேப்பர்கள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. மேடம் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காத வரனின் போட்டோவைப் போல மேஜையில் கவிழ்த்துவைப்பார். எனக்கு எரிச்சல் வரும். சீவலப்பேரியிலிருந்து முதல் டவுன் பஸ் பிடித்து, திருநெல்வேலியில் வேறு பஸ் மாறி, அந்தக் கடற்கரை ஊருக்குப் போய்ப் பேப்பரை மாற்றிக்கொண்டு வருபவன் நான். கரி இல்லை என்றால் சந்தோஷப்படாமல் இந்த அம்மாள் ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார் என்று நினைப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் ஆய்வக உதவியாளர். மேடம் அங்கே வேதியியல் விரிவுரையாளர், என்னைவிட எட்டு வயது இளையவர். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் புகை ஊருக்குள் இறங்குகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். அளந்து சொல்லும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. எந்தக் கப்பல் எத்தனை நாள் நின்றது, எவ்வளவு எண்ணெய் எரித்தது, புகைபோக்கி என்ன உயரம், காற்று எந்நேரம் எங்கிருந்து வீசியது என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தத் தெருவில் எவ்வளவு கரி விழும் என்று மேடம் கணக்கிட்டிருந்தார். அதைச் சரிபார்க்கத்தான் ஒரு வீட்டு மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் கருவியும் அதற்குள் காகிதமும். கணக்கின்படி காகிதம் கறுத்திருக்க வேண்டும். கறுக்கவே இல்லை.

துறைத்தலைவர் கணக்கைத் திருத்தச் சொன்னார். மேடம் மறுத்ததும், காகிதத்தை மட்டும் வைத்து அறிக்கை எழுதி, தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அது அப்படியே நின்றால் மனு தள்ளுபடியாகிவிடும், அந்த ஊர் மறுபடி வாய் திறக்க முடியாது.

"மத்தியானம் கடல்காத்து ஊருக்குள்ள வராம எங்கன போகும் அண்ணாச்சி? வாங்க, போய்ப் பாப்போம்" என்று மேடம் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். நான் காலையில் போய்க் காலையிலேயே திரும்புகிறவன். மத்தியானத்தில் அந்த மாடியைப் பார்த்ததே இல்லை.

நாங்கள் ஏறியபோது லுஹர் என்கிற மத்தியானத் தொழுகை முடிந்திருந்தது. வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். அவர் மனைவியை அக்கா என்ற முறையில் ஊரே லாத்தா என்றழைக்கும். லாத்தா கொடியிலிருந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்ததும் ஒரு பழைய வெள்ளைப் போர்வையை நாலாக மடித்து எங்கள் கருவியின் தலையில் போர்த்தி, ஓரத்தில் செங்கல் வைத்தார்.

நான் கருவியிடம் ஓடினேன். "என்ன லாத்தா செய்யுதீங்க?"

"கடல்காத்து வந்தா கரி விழும்லா? எங்க வீட்ட நம்பி வச்ச சாமான். பாழாப் போனா எங்களுக்குல்லா அவமானம். பொழுதடைஞ்சு மக்ரிபு தொழுகைக்கு எடுத்திருவேன். ஒருநாள்கூட மறந்ததில்ல" என்றார் பெருமையாக.

மேடம் போர்வையை விரித்தார். கருவியின் வாய் பட்ட இடம் தோசைக்கல் அளவுக்கு வட்டமாக, கன்னங்கரேலென்று இருந்தது. காகிதத்துக்குப் போக வேண்டிய கரியெல்லாம் அதிலேயே தங்கியிருந்தது. விஷயம் புரிந்ததும் லாத்தா அழ ஆரம்பித்தார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செஞ்சது தப்பில்ல லாத்தா. ஒரு மாசமா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம இருந்தோம் பாருங்க, அதுதான் தப்பு" என்றார். கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். அதை அவர் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னதும், போன அறிக்கை போனதுதான் என்றார் துறைத்தலைவர். வெளியே தெரிந்தால் துறையின் மானம் போய்விடுமாம். மேடம் அந்த மனு மீதான விசாரணைக் கூட்டத்துக்குப் போர்வையோடு போய் அதை மேஜையில் விரித்தார். துறைமுகத் தரப்பில் வந்தவர் சிரித்தார்.

"ஒரு போர்வையை எப்படி மேடம் நம்புறது?"

"நம்ப வேண்டாம் சார். பத்து நாள் மத்தியானம் அந்த மாடித் தட்டட்டியில நீங்களே வெள்ளைச் சட்டையோட வந்து நில்லுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

துறைத்தலைவர் விடவில்லை. "தடங்கல் ஏதுமில்லைன்னு கருவிப் பதிவேட்டுல தினமும் கையெழுத்து இருக்கே" என்றார். அது என்னுடைய கையெழுத்து. பின்வரிசையிலிருந்து எழுந்தேன். மேடம் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் உட்காரவில்லை. "பாக்காமப் போட்டது சார். முப்பது நாளும்" என்றேன்.

அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. மறுபடி அளந்தோம். மேடம் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் கருவியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காகிதங்கள் கறுத்து வந்தன, கணக்கு சொன்ன அளவுக்குப் பக்கத்திலேயே. மனு உயிரோடு இருந்தது. மேடத்துக்கு அதன்பிறகு எங்கள் துறையில் ஒரே ஓர் ஆய்வைக்கூடத் தரவில்லை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் புலம்பி நான் கேட்டதில்லை.

எனக்குக் கல்லூரியிலிருந்து மெமோ வந்தது. கூட்டத்தில் சொன்னது பதற்றத்தில் சொன்னது என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் பதவி உயர்வை மறந்துவிடலாம் என்றார்கள். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன் என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். சேர்ந்த பதவியிலேயே ஓய்வும் பெற்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்த வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.