பதினோரு நாள் விரதம்

எங்கள் மருந்துக்கு அவசரம் கிடையாது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எதுவுமே நடந்திருக்காது. மருந்து ஊற்றிய குடுவையிலும் ஊற்றாத குடுவையிலும் புற்றுநோய்ச் செல்கள் ஒரே மாதிரி கொழுத்துக் கிடக்கும். மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முதுகலை மாணவனாகச் சேர்ந்த புதிதில், அதைப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டேன். பக்கத்து மேசை அக்கா, எனக்கு நான்கு வருடம் மூத்த ஆராய்ச்சி மாணவி, அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது விஷம் இல்ல லா. உடனே சாகடிக்காது. டைம் குடு."

விஷயம் இதுதான். செல்லுக்குள் மரபணுக்கள் எல்லாம் புரதங்களின்மேல் நூல்போலச் சுற்றிக் கிடக்கின்றன. ஒரு நொதி அந்தப் புரதங்களில் சின்னச் சின்னக் குறிகளை வைத்துக்கொண்டே போகும். குறி விழுந்த இடத்தில் மரபணு வாயை மூடிக்கொள்ளும். சில வகை நிணநீர்ப் புற்றுநோயில் இந்த நொதிக்கு வெறி பிடித்துவிடுகிறது. 'வளர்ந்தது போதும்' என்று சொல்லவேண்டிய மரபணுக்களையும் அது மூடிவிடுகிறது. நாங்கள் சோதிப்பது அந்த நொதியின் கையைக் கட்டும் மருந்து. கையைக் கட்டினாலும் ஏற்கெனவே வைத்த குறிகள் உடனே அழியாது. செல் பிரியப் பிரிய அவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். அதனால் பதினோரு நாள் வைத்துப் பார்க்கிறோம். நடுநடுவே குடுவையைத் திறந்து, செல்களை எண்ணி, புதுக் குடுவைக்கு மாற்றி, மருந்தை மறுபடி சேர்க்க வேண்டும். திறக்கத் திறக்க ஆபத்தும் கூடும்.

என் மருந்துக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். வேதியியல் பிரிவில் செய்து கொடுத்த ஒரு வெள்ளைப் பொடி. அதை வைத்து இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் ஏழாம் நாள் குடுவை கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை வடிவில், மொட்டு விட்டபடி, ஈஸ்ட். பேராசிரியர் திட்டவில்லை. "மாதக் கடைசிக் கூட்டத்தில் முடிவு காட்டு. இல்லையென்றால் இந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்" என்றார். பொடி இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சமிருந்தது. என் முதுகலை முழுக்க அந்த எண்ணின்மேல்தான் நின்றது.

அக்கா விசாரணையைத் தொடங்கினார். "வீட்ல யாராச்சும் ரொட்டி சுடுறாங்களா? பீர் காய்ச்சுறீங்களா?"

"ஐயோ அக்கா, எங்கம்மாவுக்குக் கிள்ளான்ல தோசைக் கடை..." என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது: புளிக்கும் மாவிலும் ஈஸ்ட் உண்டு.

பள்ளியில் இரண்டாம் படிவம் படித்த பதினான்கு வயதிலிருந்து மாவு கலக்குவது என் வேலை. மாலையில் அரைத்த மாவில் உப்புப் போட்டு முழங்கைவரை கைவிட்டுக் கலக்குவேன். காலையில் பொங்கியதை வாளிகளில் பிரித்துவிட்டு, அதே சட்டையோடு ரயிலேறி ஆய்வுக்கூடம் வந்துவிடுவேன். மேலே வெள்ளைக் கோட்டு, கையுறை எல்லாம் உண்டுதான். மாவுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கடைசிப் பொடியை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கவும் முடியாது.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப என் மாவு உன் லேபுக்குத் தீட்டாடா?"

"தீட்டு இல்லம்மா. மாவைப் பொங்க வைக்கிறவன் என் குடுவைக்குள்ளயும் பூந்துர்றான்."

"அவனுக்கு என் அண்டா பத்தலையாக்கும்."

அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் அவருக்கு மூன்று வருடம், அம்மாவுக்கு அதுவும் இல்லை. என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்காத அவர் அன்றைக்குக் கேட்டார்: "எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"அவ்வளவுதானே? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குறவன் எத்தனை நாள் சுத்தமா இருக்கான்! இவனும் விரதம்னு நெனைச்சுக்க" என்றார் அம்மாவிடம்.

அத்தோடு வீட்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் பயிற்சி வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்த சுத்தத்தை அம்மா ஒரே நிமிடத்தில் சட்டமாக்கினார். என் துணி தனி வாளி, என் துண்டு தனிக் கொடி. சமையல்கட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது, சாப்பாடு முன்கூடத்துக்கு வரும். வெந்த தோசையில் ஈஸ்ட் உயிரோடு இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "விரதம்னா விரதம்" என்று சோற்றைப் போட்டார். பக்கத்து வீட்டு ஆன்டி கொடியைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு என்ன வேண்டுதல்? எந்தக் கோயிலு?" என்று கேட்டார்.

"பெட்டாலிங் ஜெயாவுல" என்றார் அம்மா, சிரிக்காமல்.

மாவு கலக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். முதல் நாள் உப்பு கூடிப்போனது. "என்னா பாஸ், கடல்லயா அரைச்சீங்க?" என்று கடைக்கு வந்த ஒருவர் கேட்டதை அம்மா இரண்டு நாள் சொல்லிச் சொல்லிக் காட்டினார். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பேச்சு நின்றது.

நான்காம் நாள் எண்ணினேன். இரண்டு குடுவையும் ஒன்றுதான், எதிர்பார்த்ததுதான். ஏழாம் நாள் காலை குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தெளிவாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லு, துண்டு கொடியிலயே இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு எண்ணியபோது மருந்துக் குடுவையில் கொஞ்சம் குறைவு. பதினோராம் நாள் நுண்ணோக்கியில் கண் வைத்ததுமே தெரிந்துவிட்டது. மருந்து இல்லாத குடுவையில் நெரிசல். மருந்துக் குடுவையில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிரிவதை மறந்ததுபோல நின்றன. சரிபார்க்க மூன்று முறை எண்ணினேன். மூன்றும் ஒத்துப்போயின.

கூட்டத்தில் என் எண் பட்டியலில் தங்கியது. இது குடுவையில் கிடைத்த முடிவுதான். ஒரு நோயாளியின் கைக்குப் போகும் மாத்திரை ஆவதற்கு இன்னும் எத்தனையோ வருடம், பெரும்பாலும் ஆகாமலே போகலாம். எனக்கு அன்றைக்கு அது போதும். பேராசிரியர், "இன்னும் இரண்டு முறை செய்து இதே முடிவு வருகிறதா பார். புதுப் பொடி கேட்டிருக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனேன். அப்பா முழங்கைவரை மாவோடு உட்கார்ந்திருந்தார்.

"குடுங்கப்பா, நான் கலக்குறேன். ஜெயிச்சாச்சு."

"திரும்பவும் செய்யணும்னு சொன்னாங்களா இல்லையா?"

"இன்னும் ரெண்டு தடவ."

"அப்புறம் என்னத்துக்கு இங்க நிக்கிற? வெளிய போ" என்று அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இப்பதான் உப்பு கைக்கு வந்திருக்கு."