பெயரை மட்டும் மாற்றினேன்

கடந்த ஜூலை பதின்மூன்றாம் திகதி, ஞாயிறு, காலை ஒன்பதே கால் மணி. கொட்டகலையில் தூறல் விடவில்லை. என் பள்ளித் தோழன் ஆறுமுகத்தின் கருமாதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று கொடுப்பதற்காக அச்சடித்த நூற்றைம்பது நினைவஞ்சலித் தாள்களுடன் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். தோட்டத்தில் யார் இறந்தாலும் அந்தத் தாளை எழுதுவது நான்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அவன் மனைவி செல்லம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"இது யாருங்க சார்?"

"ஆறுமுகம்தான், தங்கச்சி."

"மதுவைத் தொடாத உத்தமர்னு போட்டிருக்கீங்க. இவரு சம்பளத்தன்னைக்குக் குடிச்சிட்டுப் பாடிக்கிட்டே வருவாரு, லயத்து நாயெல்லாம் பின்னாலயே வரும். குடிக்காதவரு எங்க அண்ணன். அவரு செத்தப்பவும் இதையேதானே எழுதுனீங்க?"

உண்மைதான். பழைய தாளில் பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றியிருந்தேன். அறுபத்தொரு வருடம் பழகியவனைப் பற்றிச் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"சொல்லுங்க தங்கச்சி, மறுபடி எழுதுறேன்."

"நாயையும் போடுவீங்களா?"

"போடுறேன்."

குணக்குன்று, கருணைக்கடல் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

கருமாதியன்று புதிய தாளை வாசித்தவர்கள் சிரித்தார்கள். அதைக் கேட்டுத்தான் செல்லம்மா அழுதார். இரண்டாம் முறை அச்சடித்ததற்கு ஆறாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய், என் ஓய்வூதியத்திலிருந்து.