எல்லாருக்கும் பத்து மணி

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் 'பச்சை' என்று பட்டப்பெயர். பச்சை பச்சையாகப் பேசுவார் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அளவுக்கு அவருக்கு வாய் இருந்தால் நான் ஏன் இத்தனை பேசப்போகிறேன்? எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருந்தால் திரையில் பச்சை வரும், தப்பு இருந்தால் சிவப்பு வரும். ஐயா திரையில் சிவப்பை யாரும் பார்த்ததே இல்லையாம். அதனால் இந்தப் பட்டம். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அவர் செய்வது வெப்சைட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலை. முன்னால் தெரியும் கலரும் படமும் வேறு யாரோ செய்வது. முன்பெல்லாம் பின்னால் ஒரே பெரிய புரோகிராம் இருக்குமாம். இப்போது அதைப் பிரித்து, பெயரைச் சரிபார்க்க ஒரு சின்ன சர்வீஸ், பணம் வாங்க ஒன்று, மெசேஜ் அனுப்ப ஒன்று என்று தனித்தனியாக ஓட்டுகிறார்கள். கூட்டுக் குடும்பம் தனிக்குடித்தனம் போன கதைதான். பிரிந்து போனாலும் ஒன்றை ஒன்று கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் திருதிருவென்று முழிக்கும். இதைக் கட்டி மேய்க்கத்தான் இவருக்குச் சம்பளம். ஆபீஸ் என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

என் கதைக்கு வருகிறேன். நான் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். அதை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து இவர் விசைப்பலகையைத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிக்கும் நேரத்தில், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டப் பெண் டிரைவர் வேண்டும் என்றார்கள். எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் உலகமே மறந்துபோகும். கார் லைசென்ஸ் வைத்திருந்தேன். வேனுக்குத் தனியாக டெஸ்ட் கொடுக்க வேண்டும். பிரின்சிபல் அம்மா நேராகச் சொல்லிவிட்டார், பள்ளி திறக்கும் திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் இன்னொருத்தி தயாராக இருக்கிறாள் என்று. அந்த வேலை எனக்கு வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி.

லைசென்ஸ் ஆபீசில் டெஸ்டுக்கு நேரம் வாங்குவதற்குள் தலைமுடி நரைத்துவிடும். ஆனால் பாருங்கள் என் அதிர்ஷ்டத்தை, வீட்டிலிருந்தபடியே நேரம் பதிவு செய்ய ஒரு புது வெப்சைட் வருகிறது, அதைக் கட்டுவது சாட்சாத் என் வீட்டுக்காரரின் கம்பெனி. கிணற்றுக்குள்ளேயே குடியிருப்பவளுக்குத் தண்ணீருக்குப் பஞ்சமா என்று நானும் நம்பினேன்.

எந்த நேரம் காலி என்று சொல்லவேண்டியது லைசென்ஸ் ஆபீசின் சர்வீஸ். அது ஆபீஸ் குணத்தோடு பிறந்தது. கேட்டால் உடனே பதில் வராது, சமயத்தில் வரவே வராது. அதற்காகக் காத்திருந்தால் இவர் திரையில் சிவப்பு வந்துவிடுமே. அதனால் அதைப் போலவே ஒரு போலி சர்வீஸை இவரே எழுதிக்கொண்டார். அந்தப் போலியை யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், "வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி காலி, எடுத்துக்கொள்" என்றே சொல்லும். கேட்பதும் இவர், பதில் சொல்வதும் இவர், பிறகு மார்க் போட்டுக்கொள்வதும் இவர். பச்சை வராமல் என்ன வரும்?

இது எனக்கே உறுத்தியது. நிஜ ஆபீஸ் காலி இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். சோதனைக்குத்தான் போலி, மக்கள் பயன்படுத்தும்போது நிஜத்தைத்தான் கேட்கும், அதற்கு நிஜ ஆபீசின் முகவரியை செட்டிங்கில் ஒரே ஒரு வரியாகப் போட வேண்டும் என்றார். அந்த வரியை யாராவது போட மறந்துவிட்டால் என்றேன். அதற்கும் வழி செய்திருக்கிறாராம். வரி இல்லாவிட்டால் சர்வீஸ் நின்றுபோகாது, சத்தமில்லாமல் போலியையே கேட்டுக்கொள்ளும். கூட வேலை செய்கிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதல்லவா!

"என் சர்வீஸ் எதுக்கும் படுக்காதும்மா" என்றார். அப்படிப்பட்ட சாமர்த்தியம்.

வெப்சைட்டைத் திறக்கும் நாளில் அந்த வரியை சர்வர் பார்ப்பவர் போடுவார் என்று இவர் இருந்துவிட்டார். எழுதியவரே போட்டிருப்பார் என்று சர்வர்காரர் இருந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு மட்டும் இவரைக் கம்பெனிக்கே வரவழைத்துக் கேக் வெட்டினார்கள். ஒரு எரர்கூட வரவில்லை என்று மேனேஜர் இவர் தோளைத் தட்டினாராம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எனக்கு நேரம் பதிவு செய்தார். கண் சிமிட்டுவதற்குள் மெசேஜ் வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, வண்டி ஓட்டிக் காட்ட முதல் தடம். நான் அவரைப் பெருமையாகப் பார்த்தேன். பார்த்துத் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு காரில் நேரத்தோடே டெஸ்ட் மைதானத்துக்குப் போய் வரிசையில் முதலாவதாக நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார், பிறகு ஒரு பெண், பிறகு கூட்டம் கூட்டமாக. பத்து மணிக்கு மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. எல்லார் போனிலும் ஒரே மெசேஜ், ஒரே பத்து மணி, ஒரே முதல் தடம். டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதில் ஒருத்தர் பெயரும் இல்லை. நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகம் வெளிறி, எங்கள் கார் பானெட்டின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடினார். கேட்கவே வேண்டாம், அத்தனை பேருக்கும் பதில் சொன்னது அந்தப் போலிதான் என்று புரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். தன் பொறுப்பில் நேரடியாக ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், முதலில் வந்தவருக்கு அந்த இடம் என்றார். மற்றவர்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இல்லையென்றால் வெப்சைட்காரர்கள் யாராவது வந்து, தப்பு எங்களுடையது, இந்த மெசேஜெல்லாம் நாங்கள் அனுப்பியதுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாருக்கும் எடுக்கிறேன் என்றார்.

முதலில் வந்தது நான். இவர் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்.

"நீ போய் வண்டில ஏறு. மேனேஜர்ட்ட பேசிட்டேன். நெட்வொர்க் பிரச்சனைன்னு சொல்லிட்டு வரச் சொல்லிட்டாரு."

பாவம் அந்த நெட்வொர்க், உலகத்துப் பழியெல்லாம் அதன் தலையில்தான். ஆனால் நான் பெரிய அரிச்சந்திரி இல்லை. டெஸ்டுக்காக நிறுத்தியிருந்த வேனில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன், சாவி கையில் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்களைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண்ணாடி இருக்கிறதே, அது அவர்களைத்தானே காட்டும்.

எனக்குப் பின்னால் நின்றிருந்தவர் சரக்கு வேன் டிரைவர். பழைய லைசென்ஸ் காலாவதியாகி வேலையில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இதை எழுதினவன் கையில் கிடைத்தால் என்று ஆரம்பித்து அவர் சொன்னதை நான் எழுத முடியாது. இவரும் கூடவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாவப்பட்ட முகம் இல்லையா, அந்த மனிதர் இவரும் ஏமாந்த கூட்டம் என்று நினைத்துவிட்டார். தோளில் கை வைத்தார்.

"உங்களுக்கும் போச்சா சார்? விடுங்க, மனச விட்றாதீங்க."

அந்தக் கைதான் இவரை ஏதோ செய்துவிட்டது. தலையாட்டல் நின்றது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனிதர் நேராக இன்ஸ்பெக்டரிடம் நடந்தார். மைதானமே கேட்கும்படி சொன்னார்.

"நான்தான் சார் எழுதினேன். தப்பு என்னுதுதான். எங்க வேணும்னாலும் கையெழுத்து போடறேன்."

திட்டினார்கள், எப்படித் திட்டாமல் இருப்பார்கள்? இவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் கூட்டத்தில் ஒருத்தி, வண்டியில் உட்கார்ந்திருப்பது அவர் கூட வந்த அம்மாதானே என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் வந்து, அவர் என் வீட்டுக்காரரா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்க இறங்கணும்மா. அவரு கையெழுத்த வச்சு அவரு வீட்டு ஆளுக்கே டெஸ்ட் எடுத்தா நாளைக்கு என் சட்டையப் பிடிப்பாங்க."

 இவர் இதை யோசித்தே பார்க்கவில்லை. எதிரில் இருப்பவர் மாட்டேன் என்றும் சொல்லலாம் என்பது அவர் புத்திக்கு என்றைக்குத்தான் எட்டியிருக்கிறது? எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, அந்த லேப்டாப்பாலேயே தலையில் ஒன்று போடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. இறங்கி, சாவியைச் சரக்கு வேன் டிரைவர் கையில் கொடுத்தேன். கிளட்ச் கொஞ்சம் இறுக்கம், பார்த்து விடுங்கள் என்றும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்.

வேன் கிளம்பியது. கார் பக்கத்தில் நின்றிருந்த இவரிடம் போனேன். ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, போனை எடுத்துப் பிரின்சிபல் அம்மாவைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை என்னால் வர முடியாது, அந்த இன்னொருத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.  கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசியிருக்கலாம். அவர் கேட்கட்டும் என்றுதான் அங்கேயே நின்று பேசினேன்.