நாலு நிமிடமும் ஒரு கிரைண்டரும்

போன சனிக்கிழமை குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டு கிரைண்டரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

சிரிக்காதீர்கள். நகையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், புடவையைப் பார்த்துப் படலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பார்த்துப் படலாம்... கிரைண்டரைப் பார்த்துப் படக் கூடாதா? அதுவும் புதுசு இல்லை. பதினோரு வருஷத்துப் பழசு. டிரம்மில் ஒரு பக்கம் நெளிசல். மூடியின் குமிழ் எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் ஓர் இருமல் மருந்து பாட்டிலின் மூடி திருகியிருக்கிறது.

அந்த இருமல் மருந்து என் வீட்டு இருமல் மருந்து. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். போர்ட் பிளேரில் பாதிப் பேருக்கு அரசாங்க உத்தியோகம். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் மெயின்லேண்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பீரோவையும் கட்டிலையும் ஷிப்பில் ஏற்றி இறக்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் கிளம்புகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதற்காகவே மொபைலில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் என்று எல்லா வீட்டுப் பெண்களும் அதில் இருக்கிறோம். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஊர் ஹிந்திதான்.

வேண்டாத பொருளை போட்டோ எடுத்துப் போட வேண்டும். வேண்டுகிறவர் ‘சாஹியே’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். வேணும், அவ்வளவுதான். யார் முதலில் எழுதுகிறாரோ பொருள் அவருக்கு. வாங்கிக்கொண்டவர் அதைத் தன் வீட்டில் வைத்து ஒரு போட்டோ போட வேண்டும். அட்மின் கீழே ‘முடிந்தது’ என்று எழுதிக் கணக்கை மூடுவார்.

அட்மின் யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான்.

விதியை எழுதியதும் நான்தான். ஆரம்பத்தில் விதி எதுவும் கிடையாது. ஒரு முறை ஒருவர் ஃப்ரிட்ஜை குரூப்பில் போட்டுவிட்டு, யார் யாரோ கேட்டும், கடைசியில் தன் நாத்தனாருக்கே தூக்கிக் கொடுத்தார். அன்றைக்கு குரூப்பில் நாலு மொழியில் சண்டை. நாலு மொழியும் தெரிந்த பாவத்துக்கு நான் உட்கார்ந்து தீர்த்து வைத்தேன். அன்று எழுதியதுதான்: ‘ஜோ பெஹ்லே போலேகா, உஸ்கோ மிலேகா.’ முதலில் சொல்பவருக்குத்தான் கிடைக்கும். நட்பு, சொந்தம், பக்கத்து வீடு... எதுவும் செல்லாது.

இந்த விதியில் முதலில் மாட்டியவள் சாந்தா.

சாந்தா என் சிநேகிதி. மின்னி பே பகுதியில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வீடும் ஒரு முருங்கை மரமும். ஒரு தடவை அவள் பழைய கட்டிலை குரூப்பில் போட்டுவிட்டு, தன் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்காக அதை நிறுத்தி வைக்கப் பார்த்தாள். நான் எல்லோருக்கும் முன்னால், “விதி விதிதான். தெரிஞ்சவங்கன்னு யாருக்கும் எடுத்து வைக்கக் கூடாது” என்று எழுதினேன். எனக்கே என் நேர்மை மிகவும் பிடித்திருந்தது. சாந்தா மறுபேச்சுப் பேசவில்லை. கட்டில் வேறு யாருக்கோ போயிற்று.

இனி கிரைண்டர்.

எங்கள் வீட்டு கிரைண்டர் ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள் புகைவிட்டு அடங்கியது. அந்தச் சனிக்கிழமை ஊறவைத்த அரிசியும் உளுந்துமாக சாந்தா வீட்டுக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அப்படியே பழகிவிட்டது. முதலில் அவள் மாவு, பிறகு என் மாவு. இரண்டும் ஆட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் பேசாத பேச்சு கிடையாது. மாமியார், மாத்திரை, வாராவாரம் பத்திரிகைக்கு நான் எழுதும் பத்தியில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது... எல்லாம் அந்தக் கடகட சத்தத்துக்கு மேலேதான். மூடியின் குமிழ் உடைந்த அன்று, என் வீட்டு இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கொண்டுபோய்ப் பொருத்தியது நான்.

எங்கள் வீட்டுக்காரர் மூன்று தடவை புது கிரைண்டர் வாங்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். மகள் பொறுக்க முடியாமல் மெயின்லேண்டிலிருந்து டேபிள்டாப் ஒன்றை வாங்கி அனுப்பினாள். பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது. ஏன் பிரிக்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிரித்திருந்தால் சனிக்கிழமை போய்விடும். அவ்வளவுதான் காரணம்.

இந்த வருஷம் சாந்தாவின் கணவருக்கு திருச்சிக்கு ஆர்டர் வந்தது.

ஒவ்வொரு பொருளாக குரூப்பில் வந்தது. டீபாய், துணி காயவைக்கும் ஸ்டாண்டு, குக்கர், மிதியடி... நான் அட்மின் கடமையைச் செய்துகொண்டிருந்தேன். முடிந்தது. முடிந்தது. முடிந்தது. ஆனால் மனசுக்குள் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிரைண்டரை அவள் குரூப்பில் போட மாட்டாள். ஒரு நாள் வந்து, “விஜயா, இதை நீ வச்சுக்கோடி” என்பாள். நான் கொஞ்சம் வேண்டாம் என்பேன். அவள் வற்புறுத்துவாள். நான் அழுவேன். எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு, கிரைண்டர் குரூப்பில் வந்தது.

போன் என் கையில்தான் இருந்தது. போட்டோ வந்த நொடியே பார்த்துவிட்டேன். நெளிசல் தெரிந்தது. இருமல் மருந்து மூடி தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கிரைண்டர் எனக்கு.

எழுதினேனா?

மாட்டேன். நான் எதற்குக் கேட்க வேண்டும்? ஒன்பது வருஷம். எங்கேயோ சாத்தம் லைனிலிருந்தோ ஜங்லிகாட்டிலிருந்தோ ஒருத்தி கேட்பாளே, அவளும் நானும் ஒன்றா? அவளாகவே போன் செய்து சொல்லட்டும். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்... இரண்டு... மூன்று...

நாலாவது நிமிடம் செல்வராணி என்று ஒரு பெயர். ‘சாஹியே.’

யார் இந்தச் செல்வராணி? குரூப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கட்சால் தீவிலிருந்து கணவனின் வேலை மாற்றலில் குட்வில் எஸ்டேட்டுக்கு வந்தவள். என் மனசுக்குள் அன்றைக்கு அவளைத் திட்டிய திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

சாந்தா உடனே பதில் எழுதவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் ‘டன்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே ‘முடிந்தது’ என்று எழுத வேண்டியது யார்? நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே... அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது.

அதற்குப் பிறகு சாந்தா வீட்டுப் பக்கம் நான் சரியாகப் போகவில்லை. பத்தி எழுத வேண்டும் என்றேன், தலைவலி என்றேன். ஷிப் ஏறும் நாள் ஹார்பருக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். லக்கேஜுக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்.

“நீ ஒண்ணுமே எடுத்துக்கலையே விஜயா.”

“எனக்கென்ன, வீட்டுல எல்லாம் கெடக்கு” என்றேன்.

சாந்தா கைப்பையின் ஜிப்பை மூடினாள். அவள் கணவர் கூப்பிட்டார், போய்விட்டாள். ஒன்பது வருஷ சிநேகிதத்துக்கு எங்கள் கடைசிப் பேச்சு அதுதான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. ‘ரீச்டு.’ ஒரே வார்த்தை. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினேன்.

அதே வாரம் செல்வராணி விதிப்படி போட்டோ போட்டாள். கிரைண்டரில் மாவு பொங்கிக்கொண்டு இருக்கிறது. ‘தேங்க்யூ சாந்தா அக்கா’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சாந்தா ஒரு சிவப்பு ஹார்ட் போட்டிருந்தாள். எனக்கு ரீச்டு... அவளுக்கு ஹார்ட்! அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்பது எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். “மாவு நல்லாத்தானே இருக்கு” என்றார் பாவம். வயிறு எரிகிறவளிடம் மாவைப் பற்றிப் பேசலாமா?

நானும் சும்மா இருந்திருக்கலாம். போன சனிக்கிழமை, வழக்கமாக மாவாட்டப் போகும் நேரத்துக்கு, கால் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து குட்வில் எஸ்டேட் போய் இறங்கிவிட்டேன். கதவைத் திறந்த செல்வராணியிடம், குரூப் அட்மின் என்று சொல்லிக்கொண்டேன். கொடுத்த பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். இதுவரை எந்த வீட்டுக்கும் நான் அப்படிப் போனது கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதே!

முப்பது வயது இருக்கும். வெள்ளந்தியான முகம். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்! அவளுடைய தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பமாம். டீ போட்டுக் கொடுத்தாள். கிரைண்டர் சுவிட்சைத் தட்டிவிட்டாள். அதே கடகட சத்தம்.

“உளுந்து எவ்வளவு நேரம் ஓடணும், எப்பத் தண்ணி தெளிக்கணும்னு சாந்தா அக்காதான் போன்ல சொல்லித் தந்தாங்க” என்றாள். வாரம் ஒரு தடவை பேசுவார்களாம்.

வாரம் ஒரு தடவை! டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம். கேட்டதும் கிடைச்சிருச்சு” என்றேன். குரலில் இருந்த விஷத்தை அவள் கவனிக்கவில்லை.

“கேட்டதும் தரல்ல அக்கா. மொதல்ல ஏலாதுன்னுதான் நெனச்சேன். தனியா ஒரு மெசேஜ் போட்டாங்க. இருங்க, காட்டுறேன்.”

போனை என் கையில் கொடுத்தாள். சாந்தா எழுதியிருந்தது இதுதான்:

‘கொஞ்சம் பொறும்மா. இன்னொருத்தி கேட்பா. அவ கேட்டா அவளுக்குத்தான் குடுப்பேன். ரூல் கீல் எல்லாம் அப்புறம். கோவிச்சுக்காத.’

அதற்குக் கீழே, கால் மணி நேரம் கழித்து: ‘அவ கேட்கல. நீயே எடுத்துக்கோ.’

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மாவு ஓடிக்கொண்டிருந்தது.

“யாருன்னு தெரியல்ல” என்றாள் செல்வராணி. “அந்தம்மா கேக்காமப் போனதாலதான் எனக்குக் கெடச்சுச்சு. எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.”

நல்லா இருக்கணுமாம். உட்கார்ந்த இடத்தில் எனக்கு ஆசீர்வாதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் எழுதிய விதியை, எல்லோருக்கும் முன்னால் நான் திட்டியும் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்ட விதியை, எனக்காக மீறத் தயாராக இருந்திருக்கிறாள் சாந்தா. நான் அவள் கொடுக்கட்டும் என்று காத்திருந்த அதே நேரத்தில், அவள் நான் கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. ஹார்பரிலும் அவள் ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்தாள். எல்லாம் கெடக்கு என்று சொல்லி அதையும் சாத்தினேன்.

இதெல்லாம் புரிந்த பிறகாவது பொறாமை போயிற்றா? எங்கே போகும்! கூடியது. அந்த மெசேஜ் என்னைப் பற்றி எழுதியது. ஆனால் அது இருப்பது செல்வராணியின் போனில். கிரைண்டரையாவது விடலாம்... அந்த இரண்டு வரியையும் அவளே வைத்திருக்கிறாளே!

கிளம்பும்போது செல்வராணி ஒரு தூக்கில் மாவு கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹார்பர் ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது, மடியில் மாவுத் தூக்கை வைத்துக்கொண்டு, சாந்தாவுக்கு ஒரு வார்த்தை அனுப்பினேன்.

‘சாஹியே.’

பதில் உடனே வந்தது.

‘கிரைண்டர்தான் போயிருச்சேடி. வேற என்ன வேணும்?’

ஐம்பத்துமூன்று வயதில், பேரன் எடுத்தவள், வாராவாரம் ஊருக்கே உபதேசம் எழுதுகிறவள்... ‘நீதான்’ என்று எழுதக் கூச்சப்படலாமா?

எழுதிவிட்டேன். இந்தத் தடவை நாலு நிமிடம் காத்திருக்கவில்லை.