லப்பம் பூசிய வீடு

டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து நான் இறக்கும் அட்டைப்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் வீடு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் மாடி வீடு. சாம்பல் நிறச் சுவர், செங்கல் நிறக் கூரை. மாடி ஜன்னலுக்குக் கீழே மட்டும் எட்டணாக் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சுவர் விரிசலில் பூசுவார்களே, அந்த லப்பம். அதற்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டையைப் போல ஒரு சண்டை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஆவடியில் குடியிருந்தோம். அண்ணனுக்கு மண்ணூர்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மாமா கப்பலில் போய்வருகிறவர். அவர் எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே விரல்நகம் அளவு சிப்பாய்கள், வெட்டி ஒட்டிச் செய்யும் வீடுகள், மேசைமேல் போர் நடத்துவதற்கான விதிப்புத்தகம். அதோடு போயிற்று இருவரின் ஞாயிற்றுக்கிழமையும். சர்ச்சில் பூசை முடிந்து வந்து அண்ணன் மேசையை இழுத்துப் போட்டால், பொழுது சாயும்வரை பகடை உருளும். அந்த நண்பரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "எதிரி வந்துகீறாரு, டீ போடு" என்பாள் அம்மா. எதிரிக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும்.

சிப்பாய்களைவிட அண்ணனுக்கு வீடுகள் மேல்தான் பைத்தியம். பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சுவர்களையும் கதவுகளையும் பிளேடால் நறுக்கி, ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, நிறம் பூசிக் காயவைப்பார். அதுவரை அது ஒழுங்கான வீடு. அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுவரில் ஓட்டை போடுவார், பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டை. அதைச் சுற்றிப் புகை படிந்த கறுப்புக்கு என் கண் மை. புது டப்பா வாங்கிய வாரமே அடி தெரிந்துவிடும். செங்கல்லை இடித்துச் சலித்து வாசலில் இடிபாடாகத் தூவுவார். அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு தெருவையே இப்படி நாசம் பண்ணினார். "கட்டுன ஊட்டை ஒடைக்கிறதுக்கு இவ்ளோ பொறுமையாண்ணா?" என்று கேலி செய்வேன். ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் நேற்றுவரை யாரோ குடியிருந்த வீடு என்றே தோன்றும். அவ்வளவு தத்ரூபம்.

அப்பா அந்த மேசைப் பக்கம் திரும்பவே மாட்டார். பட்டாளத்திலிருந்து வந்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சண்டையில் இருந்தவர் என்பது அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் கை வேலை எல்லாம் கிறிஸ்துமஸ் குடிலோடு சரி. வருஷா வருஷம் தான் செய்துவைத்த அட்டை வீடுகளை இறக்கி, வைக்கோல் பரப்பி, பெத்லகேமை எழுப்புவார். அந்த வருஷம் பரண் ஒழுகிப் பெத்லகேம் கூழாகிவிட்டது. அம்மா அண்ணனிடம் வீடுகளைக் கேட்டாள். "எடுத்துக்க. ஆனா எப்டி குடுக்கறனோ அப்டியே திரும்பி வரணும்" என்றார் அண்ணன்.

அவர் கறாராகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. எதிரிக்கு வெளியூரில் வேலை கிடைத்து, புத்தாண்டோடு கிளம்புகிறார். அதுவரை இருவரும் சரிக்குச் சரி. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு கடைசிப் போர். அந்த இடிந்த தெருவே அதற்காகச் செய்ததுதான். ஜெயித்தே தீர வேண்டும் என்று அண்ணன் சோறு தண்ணி மறந்து திரிந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்தவர், குடிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஓட்டை ஒவ்வொன்றையும் அப்பா லப்பம் வைத்து அடைத்திருந்தார். புகைக் கறுப்பைத் துடைத்திருந்தார். ஜன்னல்களுக்குப் பின்னால் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டி, வீட்டுக்குள் சீரியல் பல்பு விட்டிருந்தார்.

"மழக்காலம் பூரா கண்ணு போவ ஒழச்சிகீறேன்! இன்னா நெனச்சிகினு இத்த பண்ண?" அண்ணன் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். "ஒடஞ்ச ஊட்டையாடா கொழந்த யேசு பக்கத்துல வெப்பாங்க?" என்று அம்மா நடுவில் விழுந்தாள். அப்பா கட்டைவிரலில் காய்ந்திருந்த லப்பத்தை உரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் பிரியாணியை இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடிலைக் கலைக்கக் கூடாது. ஆகவே போர் குடிலுக்கே வந்துசேர்ந்தது. எதிரி குழந்தை இயேசுவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வைக்கோல்மேல் சிப்பாய்களை நிறுத்தினார். "தொழுவத்தாண்ட ஒருத்தனும் போவக்கூடாது" என்பது அம்மா சேர்த்த புது விதி.

மழை மூட்டமான பிற்பகல். எதிரியின் ஆட்கள் இந்த மாடி வீட்டுக்குள் பதுங்கிவிட்டார்கள். அண்ணனின் பீரங்கி நேர் எதிரே நின்றது. பகடையில் நல்ல எண் விழுந்தால் வீடு காலி, ஆட்டம் அண்ணனுக்கு. பகடையைக் குலுக்கியவர் உருட்டாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உள்ள வெளக்கு எரியுது."

"அதுக்கு இன்னா?" என்றார் எதிரி.

"ஊட்டுக்காரங்க வெளிய போவ என் ஆட்டத்த ஒரு தபா உடலாமா? அப்பால அடிக்கிறேன்."

"புக்குல அப்டி இல்ல மாமே. ஒரு தபா உட்டா எங்காளுங்களும் வந்துருவாங்க. நீ அவுட்டு."

"தெரியும். உடு."

எதிரியின் சிப்பாய்கள் பின்வாசல் வழியாக வந்து பீரங்கியைப் பிடித்தார்கள். அண்ணன் தோற்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அப்போதுதான் வாசற்படியில் அப்பா நிற்பதைப் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"நாங்க அடிச்ச ஊட்லயும் வெளக்கு எரிஞ்சிகினுதான் இருந்துது. ஒரு தபா உடணும்னு எங்களுக்குத் தோணல" என்றார்.

போரைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னது அவ்வளவுதான், அன்றைக்கும் அதற்குப் பிறகும். அண்ணன் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அப்பா உட்கார்ந்து, மாடி வீட்டைக் கையில் எடுத்து, "இந்தக் கூரைக்கு இன்னா பெயின்ட்டு போட்ட?" என்று கேட்டார். நான் டீ போட அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன்.

அப்பா இப்போது இல்லை. நான் திருவேற்காட்டில் அடுக்குமாடியில் இருக்கிறேன். குடில் கட்ட அண்ணன் வெள்ளானூரிலிருந்து வந்துவிடுவார். இந்த வருஷம் பெட்டியைத் திறந்தால் லப்பம் உதிர்ந்து, பழைய ஓட்டை வாயைத் திறந்துகொண்டிருந்தது. "நீ போட்ட ஓட்டைதானே, இருந்துட்டுப் போவட்டும்ணா" என்றேன். அண்ணன் காதில் வாங்காமல் கீழே பெயின்ட் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் ஒரு சிட்டிகை லப்பம் வாங்கிவந்து, கட்டைவிரலால் அழுத்தி அடைத்துவிட்டுப் பல்பை மாட்டினார். கிறிஸ்துமஸ் தவறாமல் போன் செய்யும் எதிரி, அண்ணன் எடுத்ததும் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"இன்னா மச்சான், வெளிய போனவங்க ஊட்டுக்குத் திரும்பிட்டாங்களா?"

அண்ணன் ஜன்னலைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலில் லப்பம் இன்னும் ஈரமாக இருந்தது.

"வந்துட்டாங்க மச்சான். வெளக்கு எரியுது."